எதற்கு மாற்று

“எங்கம்மாவ அந்த மேசையிலேர்ந்து எழுப்புங்க, சித்தப்பா.”

இதை மட்டும் கேட்காதே என்று அம்மா சொல்லியிருந்தாள். போனில் ஒவ்வொரு முறையும் சொல்வாள். கேட்டுவிட்டேன்.

மேலாளர் ஷியோங் தேநீர்க் குவளையின் மூடியைத் திறந்தார், ஊதினார், குடிக்காமல் மூடினார். சீனாவின் ஹூனானில் எங்கள் ஊர்க்காரர். ஊர்முறைக்குச் சித்தப்பா. அம்மாவைத் தெற்கே ஷாஜிங் நகருக்குக் கூட்டிவந்து இந்தத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டவர்.

அவர் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா தெரிந்தாள்.

ஒரு மின் சிகரெட்டை எடுத்தாள். முனையில் ரப்பர் உறை மாட்டினாள். ஒரே இழுப்பு. ஊதினாள். தட்டில் வைத்தாள். அடுத்தது.

இழுத்தால் விளக்கு எரிகிறதா, புகை வருகிறதா, உள்ளேயிருக்கும் நிகோடின் எண்ணெய் வாய்க்கு ஏறுகிறதா என்று பார்க்கும் வேலை. இதற்கென்று ஓர் இயந்திரம் இருக்கிறது. பழுதாகி மூலையில் நிற்கிறது.

அம்மாவின் வாய் பழுதாவதில்லை.

அந்த வாய்தான் என்னைப் படிக்க வைத்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. வேதியியல். நிகோடின் என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஷியோங் தலைக்கு மேலே பெரிய விளம்பரம். சிகரெட்டுக்குச் சிறந்த மாற்று.

அம்மா சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. அவளுக்கு இது எதற்கு மாற்று?

“படிச்ச பொண்ணு, கோவம் வரத்தான் செய்யும்,” என்றார். “போன வருஷமே உங்கம்மாவ பொட்டி ஒட்டுற எடத்துக்கு மாத்துனேன், லிங். ஒரு வாரம் தாங்கல. கால்ல விழாத குறையா வந்து நின்னா, மறுபடி அங்கயே போடுங்கன்னு. அங்க சம்பளங்கூட அதிகமில்ல.”

“பொய்.”

“அவளையே கேளு.” கண்ணாடியைத் தட்டி அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மாவுக்கு முன்னால் மாம்பழ வாசனை உள்ளே வந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த, மாம்பழச் சுவை மின் சிகரெட் மாதிரிப் பெட்டியைப் பார்த்தாள்.

“கேக்காதன்னு சொன்னேன்ல. இங்க எனக்கு ஒண்ணும் இல்லடி. நல்லாத்தான் இருக்கேன். லீவு விட்டாத்தான்...”

பெட்டியின் மூலையை விரலால் தடவினாள்.

லீவு. புத்தாண்டுக்கு எல்லோரும் ஊரில் இருந்தோம். அப்பாவின் பாக்கெட்டில் தினமும் சிகரெட் குறைந்தது. தம்பி மேல்தான் சந்தேகம். விருந்தாளிகள் எதிரிலேயே அவனை அறைந்தார். அவன் அழுதுகொண்டு வெளியே ஓடினான். நான் பின்னாலேயே போனேன்.

பன்றிக்கொட்டிலுக்குப் பின்னால் அம்மா வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள்.

சாப்பாடு சேரவில்லை போல என்று நினைத்தேன். பட்டதாரி.

மாம்பழச் சுவை வெளிநாட்டுக்கு மட்டும்தான் போகிறது. இங்கே கடையில் விற்க அனுமதியில்லை. இந்த மேசையை விட்டால் அம்மாவுக்கு மிச்சமிருப்பது அப்பாவின் சிகரெட் பாக்கெட்.

கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை.

“மேலங்கியக் கழட்டும்மா. போலாம்.”

“வேலைய விட்டுட்டா?”

“கழட்டு.”

பொத்தான்கள் அவள் விரலுக்கு அகப்படவில்லை. நான்தான் அவிழ்த்தேன்.

ஷியோங் மாதிரிப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். “எடுத்துட்டுப் போ. ரயில் பாதி வழி போறதுக்குள்ள தேடுவா.”

அவர் முகத்தில் எறியத்தான் எடுத்தேன்.

எறியவில்லை. பைக்குள் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன். எப்படி என்று இன்னும் தெரியாது. ஆனால் அந்த மேசைக்கு அவள் திரும்ப மாட்டாள்.

வாசல் கேட்டருகே அம்மா என் பையைத் தொட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவள் திறக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத்தன வருஷமா பாக்குறேன். இங்கிலீஷுல என்னமோ போட்டிருக்கானே, என்னடி அது?”

ஏற்கெனவே சிகரெட் பிடிப்பவர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தது.

“மாம்பழம்னு போட்டிருக்கும்மா,” என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன்.