பட்டியலின் பின்பக்கம்

விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன.

தெருவே ‘ஓ’வென்று கத்தியது. என் மாமியாரும் கத்தினார்.

வாழ்நாளெல்லாம் கணக்கு டீச்சர். பரீட்சையில் அரை மார்க்கைக்கூடச் சும்மா போடாதவர். இப்போது இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் கைப்பையை அணைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி நின்றார்.

“மாப்பிள்ளை, அங்க பாருங்க! அந்த மாடி பூரா ஆடுது!”

மாடி ஆடவில்லை. மாடியில் இருந்தவர்கள் ஆடினார்கள்.

மாடிக்கு ஒரு பாட்டு. எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தெருவில் வந்து விழுந்தன. ஒருவன் நெருப்புப் பந்தங்களை வீசி வீசிப் பிடித்தான். கடைக் கண்ணாடிகள் அதிர்ந்தன. என் உள்ளங்காலிலும் ஏதோ அதிர்ந்தது.

கல்யாணமான புதிதில், பார்க்க ஆசைப்பட்ட இடங்களுக்கெல்லாம் என் மனைவி ஒரு பட்டியல் போட்டாள். எல்லாம் இந்த ஊரில். டிக்கெட் எடுப்பதற்குள் நோய் முந்திக்கொண்டு அவளைக் கொண்டுபோய்விட்டது.

அதன் பிறகு எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பசியைக்கூடக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அந்தப் பட்டியலை முடிக்க வேண்டும் என்பது மட்டும் மிச்சமிருந்தது. துணைக்கு அத்தை வந்தார்.

பாலம். அருங்காட்சியகம். ஏரிப் படகு. இன்று மதியம் கலங்கரை விளக்கத்தோடு பட்டியல் முடிந்துவிட்டது.

அதன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இனி எதற்காக எழுந்திருப்பது என்று தெரியவில்லை.

அத்தை காகிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். திருப்பிப் பார்த்தார்.

“பின்பக்கம் ஒண்ணு இருக்கே, கவனிக்கலையா? ராத்திரியானா ஆட்டமும் பாட்டுமா இருக்கிற தெருவாம். பார்த்தே ஆகணுமாம்.”

மூக்குக்கண்ணாடியை அவர் அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

வந்துவிட்டோம்.

ஒரு மாடிப்படி வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான். தனி ஆளுக்கு அனுமதியில்லை, ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடுவானாம்.

“நாங்க என்ன, தனித்தனியாவா வந்து நிக்கிறோம்?” என்றார் அத்தை.

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சிரித்துக்கொண்டே வழிவிட்டான்.

உள்ளே காது அடைத்தது. அத்தை தப்புத் தப்பாகக் கைதட்டினார். கணக்கு டீச்சருக்கு நான்கு வரை எண்ண வரவில்லை. சரியாகத் தட்டிக் காட்டினேன். அப்போதுதான் கவனித்தேன், என் கால் எனக்கு முன்பே ஆடத் தொடங்கியிருந்தது.

யார் யாரோ எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். ஆடினோம். வியர்த்தது. மூச்சு வாங்கியது.

பசித்தது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பால்கனிக்கு வந்து நின்றோம். தெருக்கோடியில் ஒரு ராட்சத ராட்டினம் பச்சையும் நீலமுமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் ஓர் எழுத்தும் கிடையாது. என் மனைவி எழுதுவதற்குச் சோம்பேறி. அவள் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, பட்டியலை எழுதியவன் நான்தான்.

“அடுத்து என்ன போட்டிருக்கா, அத்தை?” என்றேன்.

அத்தை கைப்பையைத் திறந்தார். காகிதத்தைத் திருப்பி, கை எட்டிய தூரத்துக்கு நீட்டிப் பிடித்தார். ஒருமுறை தெருக்கோடியைப் பார்த்தார்.

“ராட்டினம்” என்று படித்தார். “மாப்பிள்ளை பயந்து அலறினாலும் விடக் கூடாதுன்னு எழுதியிருக்கா.”