கடைசிச் சீட்டு

“எனக்கு எங்கம்மா வேணும்!”

மேசைக்கு அடியில் முட்டியைக் கட்டிக்கொண்டு அழுத குழந்தைக்கு வயது இருபத்து மூன்று. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தாலும் கல்லூரியில் எல்லோருக்கும் அவள் குண்டூசிதான். ஒல்லி உடம்பு, கூரான வாய்.

அறையில் மொத்தம் ஐந்து குழந்தைகள். அத்தனை பேரும் மழலையர் கல்விப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு. பிளேஸ்மென்ட் என்னும் நேரடிப் பயிற்சிக்குப் பள்ளிக்கு அனுப்பும் முன் கல்லூரியில் வைக்கும் ஒத்திகை இது. ஒருவர் டீச்சர், மற்ற ஐந்து பேரும் நான்கு வயதுப் பிள்ளைகள். யார் எந்த மாதிரிப் பிள்ளை என்பது அவரவர் எடுத்த சீட்டில் எழுதியிருக்கும். டீச்சருக்கு மட்டும் தெரியாது.

இன்றைய டீச்சர் ரேடியோ. வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதால் வந்த பெயர். அந்த வாயால்தான் முந்தைய இரண்டு ஒத்திகையிலும் கோட்டை விட்டாள். ‘குழந்தையை மூச்சு விடவே விடுவதில்லை’ என்று இரண்டு முறையும் பேராசிரியை ஒரே குறிப்பை எழுதியிருந்தார்.

இது மூன்றாவது, கடைசி. போலீஸ் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முதலுதவிச் சான்றிதழ் எல்லாம் ஃபைலில் தயார். பேராசிரியையின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கிடைத்தால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம், இல்லையென்றால் அடுத்த வருடம்தான். இன்னொரு வருடம் விடியற்காலையில் எழுந்து பேக்கரியில் ரொட்டி அடுக்கிவிட்டு வகுப்புக்கு ஓடிவர அவள் உடம்பில் தெம்பில்லை.

இந்தக் கடைசி ஒத்திகைக்கும் இன்று ஆபத்து வந்தது. ஐந்து பேர் சேர்ந்தால்தான் ஒத்திகை. மணி அடித்தபோது நான்கு பேர்தான் இருந்தார்கள். ரேடியோ பதறிப்போய் வராந்தாவுக்கு ஓடினாள். குண்டூசி போனைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

“யாருடி போன்ல?”

“அக்கா. நீ நட. அஞ்சு பேர் இல்லன்னா மேடம் ரத்து பண்ணிருவாங்க.”

வந்தாள். டப்பாவில் மிச்சமிருந்த கடைசிச் சீட்டைக் குண்டூசி எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். நேரே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து, ஒத்திகை தொடங்கியதும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அழுகை ஒரு பக்கம் என்றால் அட்டகாசம் இன்னொரு பக்கம். ஒருத்தி பக்கத்திலிருந்தவள் கையைக் கடித்தாள். கடிபட்டவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். இன்னொருத்தி பெயின்ட் கிண்ணத்தில் முழங்கை வரை முக்கியெடுத்தாள். வகுப்பில் ஒரே ஆண்பிள்ளையான மீசை மட்டும் குட்டி நாற்காலியில் பிதுங்கிக்கொண்டு, மேசைக்கு அடியில் பார்ப்பதும் விழிப்பதுமாக இருந்தான். பேசாத பிள்ளை போலிருக்கிறது என்று ரேடியோ நினைத்துக்கொண்டாள்.

கடித்தவளைத் தள்ளி உட்கார வைத்தாள், ஓடியவளைக் கூட்டி வந்தாள், பெயின்ட் கையைக் கழுவிவிட்டாள். மிச்சம் மேசைதான். மண்டியிட்டு, பாடப்புத்தகத்தில் இருந்ததை அப்படியே தொடங்கினாள்.

“அம்மா சாயந்திரம் வந்துருவாங்க கண்ணு. அதுவரைக்கும் நாம...”

“வரமாட்டாங்க.”

“வருவாங்கம்மா. மணி நாலு அடிச்சதும்...”

“வரமாட்டாங்கன்னா வரமாட்டாங்க!”

ரேடியோவுக்கு எரிச்சலாக வந்தது. படுபாவி, என்னமாய் நடிக்கிறாள்! தோழியாயிற்றே, கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் என்ன?

பொம்மை காட்டு, பாட்டுப் பாடு என்று புத்தகத்தில் இன்னும் என்னென்னவோ இருந்தன. ஒன்றும் வாயில் வரவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கே பேக்கரியில் நிற்கத் தொடங்கிய கால்கள் இரண்டும் கெஞ்சின. ஆனது ஆகட்டும் என்று மேசைக்கு அடியில் நுழைந்து, அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு வார்த்தை பேசவில்லை. குண்டூசி மெல்ல அவள் தோளில் சாய்ந்தாள். தோள்பட்டை நனைய நனைய, மணி அடிக்கும்வரை ரேடியோ அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

“இதைத்தான் இத்தனை நாளா எதிர்பார்த்தேன்.” பேராசிரியை ஃபைலை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். “அழுகையை நிறுத்தப் பார்க்காம, சும்மா கூட இருந்தீங்க பாருங்க, அதான் டீச்சர் வேலை. திங்கட்கிழமை கிளம்புங்க. சீட்டையெல்லாம் வாங்கிக் குடுத்துருங்க.”

சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் ரேடியோ சீட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தாள். மீசை தன் சீட்டை நீட்டும்போதே முறைத்தான்.

“உன் தோழி என் பொழப்பைக் கெடுத்துட்டா. நான் என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

வாங்கிப் படித்தாள். ‘அம்மா வேண்டும் என்று அழும் குழந்தை.’

ரேடியோ மேசைப் பக்கம் திரும்பினாள். குண்டூசி இன்னும் வெளியே வரவில்லை. அருகே போய்க் குனிந்தாள்.

“அப்ப உன் சீட்டுல என்னடி போட்டிருந்துச்சு?”

குண்டூசி மெல்ல விரல்களை விரித்தாள். வியர்வையில் ஊறிப்போன சீட்டு, மடித்தது மடித்தபடி இருந்தது.

“நான் இன்னும் பிரிச்சே பார்க்கலடி.”