மூலையில் ஒட்டிய காகிதம்

"டாக்டர், இனிமே எங்க ராக்கெட்டைக் கையில பிடிக்க முடியாது!" நாயை இழுத்துக்கொண்டு முதலில் நுழைந்தவள் அம்மா. பின்னால் அப்பாவும் மகளும்.

இடுப்பு மூட்டு தேய்ந்து நொண்டிய கிழட்டு நாய்க்கு மூன்று மாதமாக அக்குபஞ்சர்.

"நாய்க்குப் போய் ஊசி வைத்தியமான்னு சிரிச்சீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?" என்று அம்மா அப்பாவை இடித்தாள்.

"தோத்துட்டேன் தாயே!" அவர் கும்பிட்டார்.

கால்நடை மருத்துவர் கணினியைத் திருப்பினார். "ராக்கெட் நடக்கிற வீடியோ ரெண்டு இருக்கு. ஒண்ணு வைத்தியத்துக்கு முன்னாடி எடுத்தது, ஒண்ணு போன வாரம் எடுத்தது. எது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

இரண்டாவது வீடியோ ஓடியதுமே மகள் கத்தினாள். "இதுதான் போன வாரம்! நடையைப் பாருங்க, ராஜா மாதிரி!"

"பச்சைக் குழந்தைகூடச் சொல்லிடும்" என்றார் அப்பா.

திரையின் மூலையில் தேதியை மறைத்திருந்த காகிதத்தை மருத்துவர் உரித்தார். வைத்தியம் தொடங்குவதற்கு முந்தின நாள்!

அம்மாவுக்கு முகம் தொங்கிப்போனது. "எங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, டாக்டர்?"

"உங்களுக்கு மட்டுமா? காலையில நர்ஸ் எனக்கும் இப்படித்தான் மறைச்சுக் காட்டினாங்க. ஊசி குத்தின நானே ரெண்டாவதுதான் போன வாரம்னு அடிச்சுச் சொன்னேன்!"