கூர் மணல்

கடலடியில் இரண்டாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து எண்ணெய்க் கம்பெனி தோண்டியெடுத்த மணல், எவ்வளவு தூரத்து மலையிலிருந்து ஆற்றோடு வந்தது என்று சொல்வதுதான் அவள் வேலை. வெகுதூரம் உருண்ட மணல் மழுங்கியிருக்கும். பக்கத்திலிருந்து வந்தது கூராக இருக்கும்.

திங்கட்கிழமை நுண்ணோக்கியில் பார்த்து, முந்நூறு கிலோமீட்டர் என்று எழுதினாள். புதன்கிழமை அதே டப்பா மணலைச் சரிபார்த்தபோது நாற்பதுதான் வந்தது.

"டப்பாவ மாத்தி எடுத்திருப்பீங்கம்மா," என்றார் மேலாளர்.

"பூட்டித்தான் வெச்சிருந்தேன் சார். சாவி என்கிட்டதான் இருக்கு."

"அப்ப கண்ண டாக்டர்கிட்ட காட்டுங்க."

வெள்ளிக்கிழமை மணல் அவள் விரலைக் கிழித்தது. ஒவ்வொரு பருக்கையும் அப்போதுதான் உடைத்ததுபோல் இருந்தது. கருஞ்சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள். வீட்டில் அவள் தினமும் மிதிக்கும் கல்தான்.

வீட்டுக்குப் போன் போட்டாள். கணவன் எடுத்தான்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். நம்ம வாசப்படிக் கல்லு ஒரு கையளவு பேந்துபோயிருக்கு. அதுமேல எதையாவது போட்டியா?"

"இல்லையே."

"அந்தப் பள்ளத்துல தண்ணி வேற ஊறுது. நாக்குல வெச்சுப் பாத்தேன், உப்புக் கரிக்குது."

"பாப்பா எங்க?"

"அங்கதான் உக்காந்து கால நனைச்சுக்கிட்டிருக்கா."