நரம்பில்லாத நாக்கு

"சர்க்கரை எங்கம்மா போகுது?"

கடித்த பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடி நாக்கு சார் கத்தினார். மாவு பிசைகிற பகுதியே இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

அந்த பிஸ்கட் ஃபாக்டரியில் ருசி பார்ப்பதுதான் அவருக்கு வேலை. பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். கரும்பு தின்னக் கூலியா என்று ஊர் கேட்கும். இவருக்குக் கூலியோடு தனி அறையும், வாய் கொப்பளிக்க வெந்நீரும் கொடுத்து வைத்திருந்தார் முதலாளி. அவர் 'சரி' என்று சொல்லாமல் ஒரு பாக்கெட் வெளியே போகாது.

"போடச் சொன்ன அளவுதான் சார் போடறேன்" என்றாள் மாவுப் பகுதியைக் கவனித்துக்கொள்ளும் அக்கா. அங்கே எல்லாருக்குமே அவள் அக்காதான்.

"போட்டா இனிக்கணுமே! அட்டையைக் கடிக்கிற மாதிரி சப்புனு இருக்கு. ஒரு வருஷத்துல மூணு தடவை அளவைக் கூட்டியாச்சு. மூட்டை மூட்டையா உள்ள வர்ற சர்க்கரை பிஸ்கட்டுக்கு மட்டும் வரலைன்னா என்ன அர்த்தம்? உன் வீட்டுச் சமையல்கட்டைத் திறந்து பார்த்தா தெரியும்."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"நரம்பில்லாத நாக்கு, எப்படி வேணும்னாலும் பேசும். என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் ஒரு சிட்டிகை எடுத்ததில்ல."

"சத்தியத்தை எல்லாம் முதலாளிகிட்ட பண்ணு."

முதலாளிக்குச் சத்தியம் தேவைப்படவில்லை. "நாக்கு சார் நாக்கு பொய் சொல்லாது. இந்த வாரத்தோட அந்தம்மாவை அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். தெரிந்து என்ன செய்ய? திருட்டு திருட்டுதானே!

ஊழலை ஒழித்த கம்பீரத்தோடு நாக்கு சார் வீடு வந்து சேர்ந்தார். மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை நங்கென்று வைத்தார்.

"இதுல சர்க்கரை போட்டியா, இல்ல டப்பாவைத் தூரத்துல இருந்து காட்டிட்டு எடுத்துட்டு வந்தியா?"

"மூணு ஸ்பூன் போட்டிருக்கேன்."

"பொய் சொல்லாதே. அங்க ஒருத்தி திருடினா, இன்னிக்குத்தான் கையும் களவுமா பிடிச்சேன்."

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அங்க அவ திருடி, இங்க நான் திருடி. ஏங்க, ரெண்டு இடத்துக்கும் போய்ட்டு வர்ற ஒரே ஆள் யாரு?"

"என்ன சொல்ல வர்ற?"

"கொஞ்ச நாளா நம்ம பாத்ரூம்ல எறும்பு மொய்க்குது. அதுவும் நீங்க போய்ட்டு வந்ததுக்கு அப்புறம்தான். அங்க யாருங்க சர்க்கரை கொட்டி வெச்சாங்க?"

ஊரையே உருட்டி மிரட்டும் நாக்கு சார் எழுந்து போய் பாத்ரூம் விளக்கைப் போட்டுத் தரையைக் குனிந்து பார்த்தார்.

மறுநாள் காலையில் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டர் சிரித்தார். மனைவி கதையை ஒன்றுவிடாமல் அவரிடம் சொல்லியிருந்தாள்.

"களவு போன சர்க்கரை கிடைச்சிடுச்சு சார். மொத்தமும் உங்க ரத்தத்துலதான் இருக்கு."

"அதுக்கும் என் நாக்குக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?"

"ரொம்ப நாளா ரத்தத்துல சர்க்கரை ஏறியே இருந்தா, சில பேருக்கு நாக்குல இனிப்போட சொரணை மங்கிடும். பத்தலை, பத்தலைன்னு இன்னும் போட்டுக்குவாங்க, அது இன்னும் ஏறும். மாத்திரை தரேன், விடாம சாப்பிடுங்க. சர்க்கரை இறங்கினா சொரணை திரும்பி வரலாம். அலட்சியமா விட்டீங்க, அடுத்து கண்ணு, காலுன்னு கை வைக்கும்."

நாக்குக்குத்தான் சொரணை போயிருந்தது, நாக்கு சாருக்குப் போகவில்லை. நேராக முதலாளி அறைக்குப் போனார். முதலாளி சர்க்கரை போடாத டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு சுகர் முத்திப்போச்சு. இனிப்பே தெரியாத நாக்கை வெச்சுக்கிட்டு ஒரு வருஷமா அளவைக் கூட்டச் சொல்லியிருக்கேன். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார், நாக்கு சரியாக நாளாகுமாம். அவங்களை அனுப்பாதீங்க. நானே போயிடறேன்."

இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. ருசி தெரியாத ருசி பார்ப்பவரை வேறு எந்த ஃபாக்டரி சேர்த்துக்கொள்ளும்?

முதலாளி எழுந்து வந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"என்ன பேச்சு சார் இது? மனுஷன்னா நோய் நொடி வராதா? அந்தம்மாவும் இருக்கட்டும், நீங்களும் இருங்க. சம்பளத்தையும் கூட்டச் சொல்றேன். நீங்க என் கூடப் பிறந்தவர் மாதிரி."

நாக்கு சாருக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. இப்படியும் ஒரு தங்கமான மனுஷனா என்று கண் கலங்கிவிட்டது.

"ஆனா முதலாளி, இந்தக் கெட்டுப்போன நாக்கை வெச்சுக்கிட்டு நான் எப்படி..."

"அந்த நாக்குதான் சார் எனக்கு வேணும்! நீங்க இனிப்பைக் கூட்டக் கூட்ட வியாபாரமும் கூடிக்கிட்டே போகுது. ஒரு பாக்கெட் வாங்கினவன் இப்ப ரெண்டு வாங்கறான். ஊர்ல பாதிப் பேர் நாக்கு உங்க நாக்கு மாதிரி ஆயிடுச்சு, அது தெரியுமா உங்களுக்கு?"

முதலாளி அவர் தோளில் அன்பாகக் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் சாப்பிட்டுடாதீங்க."