நகராத புள்ளி

மார்ச் 4. சிறு தவறு. தொலைநோக்கியின் பெரிய குழாய்க்குக் கறுப்பு வடிகட்டி போட்டேன். அதன் மேலே இருக்கும் சின்னத் தேடுகுழாயின் மூடியைப் போட மறந்துவிட்டேன். வடிகட்டி இல்லாத அதில் வலது கண்ணை வைத்துச் சூரியனைத் தேடினேன். ஒரு நொடிதான். சாரிடம் சொல்லவில்லை.

அவள் நாட்குறிப்பில் அதற்குக் கீழே, அன்று வரைந்த சூரிய வட்டம். ஓரமாக மூன்று கரும்புள்ளிகள்.

நடுவில், சின்னதாக, நான்காவது.

பகலில் அவள் பனியன் கம்பெனியில் செக்கிங். வெள்ளைத் துணியில் கறை தேடும் வேலை. மாலையில் வானியல் வகுப்பு. பத்து நாள் சூரியனை வரைந்து வரச் சொல்லி, வகுப்புத் தொலைநோக்கியை அவளிடம் கொடுத்தனுப்பியிருந்தார் தணிகாசலம் சார்.

தினமும் காலை ஏழரைக்கு மொட்டை மாடி. பிறகு கம்பெனி.

மூன்று புள்ளிகளும் நாளுக்குக் கொஞ்சம் மேற்கே போயின. சூரியனின் நடுக்கோட்டை ஒட்டியது வேகமாக. மேலே இருந்தது சற்று மெதுவாக.

நான்காவது நகரவே இல்லை.

நேற்று வகுப்பில் சார் ஐந்து வட்டங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"சூரியனே சுத்துதும்மா. இது மட்டும் ஏன் நிக்குது? தூசியா இருக்கும். லென்ஸைத் துடைச்சுட்டுப் பாரு."

பிறகு பலகைக்குத் திரும்பினார். புள்ளிகள் மேற்பரப்பின் சுழற்சியை மட்டுமே காட்டும் என்றார். உள்ளே என்ன வேகம் என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் சூரியன் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. சுழலும் திசையில் ஓடும் அதிர்வு முந்தும். எதிர்த்து ஓடுவது பிந்தும். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து உள்ளே நடப்பதைக் கணக்கிடுகிறார்கள்.

அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். 'சின்ன வித்தியாசம்' என்பதற்கு அடிக்கோடிட்டாள்.

இன்று காலை லென்ஸைத் துடைத்தாள். சரியாகத் துடைத்தோமா என்று சந்தேகம். மறுபடி துடைத்தாள். கண்வில்லையைக் கழற்றித் திருப்பி மாட்டினாள்.

புள்ளி நடுவிலேயே இருந்தது.

பார்வையை மெல்ல விளிம்புக்கு நகர்த்தினாள்.

அதுவும் கூடவே வந்தது.

கம்பெனியில் பதினொரு பனியன்களைக் கறை என்று ஒதுக்கி வைத்தாள். சூப்பர்வைசர் பூங்கொடியக்கா ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"ஏனம்மிணி, இதுல எங்க கறை? பதினொண்ணும் பாலாட்டமா இருக்குது. கண்ணு போச்சுன்னா செக்கிங்ல வெக்க மாட்டாங்க, பாத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வகுப்புக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றாள். இமையைப் பிரித்துப் பார்த்தாள். சிவப்பு இல்லை. நீர் இல்லை. வலியும் இல்லை.

வெளியே ஒன்றும் தெரியவில்லை.

நாட்குறிப்பைத் திறந்தாள். வெள்ளைத் தாளின் நடுவில் அது காத்திருந்தது.

உள்ளங்கையால் வலது கண்ணை மூடினாள்.

தாள் சுத்தமானது.

கையை எடுத்தாள்.

பக்கங்களைத் திருப்பி மார்ச் 4-க்குப் போனாள். அடிக்கோலை வைத்து, 'சிறு' என்ற சொல்லை மட்டும் நேராக அடித்தாள்.

பிறகு இன்றைய பக்கத்துக்கு வந்தாள். கோணாமல் எழுதினாள்.

நாளை, மார்ச் 10. காலை ஏழரை. ஏழாவது வட்டம். இடது கண்ணால் பார்க்கவும்.