கள்ளனுக்கு வைத்த போத்தல்

"மாமா, கருவாட்டுச் சம்பலைப் போத்தலில அடைச்சு விற்கப்போறன். சும்மா பூட்டிக் கிடக்கிற உங்கட மீன்வாடிக் கொட்டிலைத் தாங்கோ," என்று என் மருமகள் கிருஷாந்தி கேட்டாள்.

"ஆர் வாங்குவான்?"

"ஊருக்கெல்லாம் குடுத்துப் பார்த்தனான். எல்லாரும் நல்லாயிருக்கு எண்டுதான் சொன்னவை. நீங்கள் மட்டும்தான் வாயில வைக்க மாட்டன் எண்டனீங்கள்."

"ஓசியில திண்டவன் வேறென்ன சொல்லுவான்? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகேக்க ஒரு போத்தலை வாசல் படலையில வைச்சிட்டுப் போ. களவு போனால் நல்ல சாமான், வாடியைத் தாறன். அப்பிடியே கிடந்தால் இந்தக் கதையை விடு."

அவள் முகம் சுருங்கியது. கத்தோலிக்கர் வாழும் விடத்தல்தீவில் பூசை நேரத்தில் கள்ளன்கூடக் கோயிலில்தான் நிற்பான். இருந்தாலும் வைத்துவிட்டு வந்தாள்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். படலையில் போத்தல் இல்லை. கிருஷாந்தி துள்ளிக் குதித்தாள். நான் பேச்சு மாறாமல் வாடிப் பூட்டின் திறப்பை எடுத்துக் கொடுத்தேன்.

"பட்டப்பகலில களவோ? அவனைப் பிடிச்சு முறிக்கவேணும்," என்று என் மகன் டிலோஜன் கொதித்தான்.

"விடுங்கோப்பா. அவர்தான் என்ர முதல் வாடிக்கையாளர்," என்ற கிருஷாந்தி என் பக்கம் திரும்பினாள். "சுவாமி பிரசங்கம் தொடங்கக் கோயிலால எழும்பிப் போனது நீங்கள் ஒராள்தான் மாமா. சொல்லுங்கோ, உறைப்புக் காணுமோ?"

"உறைப்புச் சரி," என்றேன். "புளிதான் காணாது."